எத்தனை எஸ்பிஎஃப் போதும்? சன்ஸ்கிரீன் வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

சன்ஸ்கிரீன் அடுக்கின் முன் முதல்முறையாக நிற்பவர் கண்ணில் படுவது எண்கள்தான்: 15, 30, 50, 50+, சில நாடுகளில் 100 வரை. பக்கத்திலேயே கூட்டல் குறிகள், வட்டங்கள், விளங்காத சொற்கள். இருப்பதிலேயே பெரிய எண் போட்டதை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். என் முடிவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எண்கள்தான் எஸ்பிஎஃப், அதாவது வெயிலிலிருந்து தோலைக் காக்கும் திறனின் அளவு. அன்றாட வாழ்க்கைக்கு எஸ்பிஎஃப் 30 போதும். மணிக்கணக்கில் வெட்டவெளியில் இருக்கப்போகிறீர்கள் என்றால் 50 வேண்டும். எந்த எண்ணாக இருந்தாலும், டியூபில் அச்சிட்டிருக்கும் பாதுகாப்பு உங்கள் தோலுக்குக் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் பூசும் அளவு. அதனால் இந்தக் கட்டுரையில் எண்களைவிட அளவைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதல் படி: எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சூரியனிலிருந்து தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிர்கள் இரண்டு வகை. யூவிபி தோலின் மேலடுக்கைச் சுட்டுச் சிவக்க வைக்கிறது. யூவிஏ இன்னும் ஆழமாக இறங்கிக் கருமை, சுருக்கம், தளர்ச்சி ஆகியவற்றுக்குக் காரணமாகிறது. தோல் புற்றுநோயில் இரண்டுக்கும் பங்கு உண்டு. தரையை எட்டும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 95 சதவீதம் யூவிஏதான்.

எஸ்பிஎஃப் என்ற எண் பெரும்பாலும் யூவிபி பற்றியது. ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் சன்ஸ்கிரீனைப் பூசி, கதிரைச் செலுத்தி, தோல் சிவக்க எவ்வளவு கதிர் தேவைப்படுகிறது என்று பார்க்கிறார்கள். பூசாத தோல் சிவக்கத் தேவைப்பட்டதைப்போல் 30 மடங்கு தேவைப்பட்டால் அது எஸ்பிஎஃப் 30. அதாவது, சிவக்க வைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போகிறது.

இதைச் சதவீதத்தில் பார்த்தால் எஸ்பிஎஃப் 15 சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கிறது. 30 சுமார் 97. 50 சுமார் 98. எஸ்பிஎஃப் 100 என்பதும் 99 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. எண் இரட்டிப்பானால் பாதுகாப்பும் இரட்டிப்பாகும் என்று நினைத்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ‘30க்கும் 50க்கும் ஒரு சதவீதம்தானே வித்தியாசம்’ என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே நுழையும் கதிரையும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். எஸ்பிஎஃப் 30இல் நுழைவது 3.3 சதவீதம், 50இல் நுழைவது 2 சதவீதம். தோலுக்கு வந்து சேரும் கதிர் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைகிறது. பத்து நிமிட நடைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆறு மணி நேரம் வயலிலோ கடலோரத்திலோ நிற்பவருக்கு இது பெரிய வித்தியாசம். அன்றாடத்துக்கு 30, வெளிவேலைக்கு 50 என்று நான் பிரிப்பது இதனால்தான்.

எஸ்பிஎஃபை நேரக் கணக்காக மாற்றும் பழக்கம் ஒன்று உண்டு. ‘பத்து நிமிடத்தில் என் தோல் சிவக்கும், 30ஆல் பெருக்கினால் 300 நிமிடம், ஐந்து மணி நேரம் கவலை இல்லை’ என்பார்கள். இந்தக் கணக்கை நம்பாதீர்கள். எஸ்பிஎஃப் அளப்பது கதிரின் அளவை. வெயிலின் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும்: காலை ஒன்பது மணிக்கு ஒரு மணி நேரத்தில் வாங்கும் கதிரைப் பகல் ஒரு மணிக்குக் கால் மணி நேரத்திலேயே வாங்கிவிடலாம். போதாததற்கு, பூசிய சன்ஸ்கிரீன் ஐந்து மணி நேரம் அப்படியே தோலில் இருப்பதும் இல்லை. வியர்வையிலும் துடைப்பதிலும் உரசலிலும் போய்விடுகிறது.

இரண்டாம் படி: எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதைப் படியுங்கள்

எஸ்பிஎஃப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், யூவிஏ பாதுகாப்பு இல்லையென்றால் அந்த டியூபைத் திரும்ப வைத்துவிடலாம். தோல் சிவக்காது, உள்ளே கருமையும் சுருக்கமும் தம் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். எரிச்சல் தெரியாததால் இன்னும் அதிக நேரம் வெயிலில் நின்றுவிடுவோம் என்பது கூடுதல் ஆபத்து.

யூவிஏ பாதுகாப்பை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜப்பானில் தொடங்கி ஆசிய நாடுகள் பலவற்றில் புழங்கும் முறை ‘பிஏ’ என்ற எழுத்துகளும் கூட்டல் குறிகளும். பிஏ+ குறைவு, பிஏ++++ மிக அதிகம். அன்றாடத்துக்குக் குறைந்தது பிஏ+++ இருக்கட்டும். மங்கு (முகத்தில் படரும் கருந்திட்டு), கரும்புள்ளி உள்ளவர்கள் நான்கு கூட்டல் குறி உள்ளதைத் தேடுங்கள். ஐரோப்பிய டியூபுகளில் ‘யூவிஏ’ என்ற எழுத்துகளைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். எஸ்பிஎஃபில் மூன்றில் ஒரு பங்காவது யூவிஏ பாதுகாப்பு இருக்கிறது என்பது அதன் பொருள். அமெரிக்காவில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ (யூவிஏ, யூவிபி இரண்டுக்கும் பாதுகாப்பு) என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் தேர்வில் தேறியதைச் சொல்கிறது, எத்தனை மதிப்பெண் என்று சொல்வதில்லை. அதனால் பிஏ குறியீடோ வட்டமோ கூடவே இருந்தால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

அடுத்து, தண்ணீருக்குத் தாங்குமா என்று பாருங்கள். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று இருந்தால் அமெரிக்க விதிப்படி 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்று பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நீச்சல், விளையாட்டு, கடும் வியர்வை என்றால் 80 நிமிடம். ‘வாட்டர்புரூஃப்’ என்று விளம்பரம் செய்வதை அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஏற்பதில்லை. தண்ணீரில் கரையாமல் நாள் முழுக்க நிற்கும் சன்ஸ்கிரீன் என்று ஒன்று கிடையாது.

மூன்றாம் படி: உங்கள் வெயிலை அளந்து பாருங்கள்

வெயிலின் சூடும் புற ஊதாக் கதிரின் வலிமையும் வேறு வேறு. குளிர்ந்த காற்று வீசும் மலையில் சூடே தெரியாமல் தோல் வெந்துபோகும். சூட்டை விட்டுவிட்டுப் புற ஊதாக் குறியீட்டை (யூவி இண்டெக்ஸ்) பாருங்கள். கைப்பேசியின் வானிலைச் செயலியில் வெப்பநிலைக்குக் கீழே எங்காவது அந்த எண் இருக்கும். 0 முதல் 2 வரை குறைவு. 3 முதல் 5 வரை மிதம். 6, 7 அதிகம். 8 முதல் 10 வரை மிக அதிகம். 11ம் அதற்கு மேலும் உச்சம். 3ஐத் தொட்டாலே பாதுகாப்புத் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழ்பவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி நண்பகலில் இந்த எண் 8க்கு மேல்தான்.

செயலி இல்லையென்றால் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் வலுவாக இருக்கிறது.

சூழலும் எண்ணைக் கூட்டும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதிய பனி 80 சதவீதம் வரை கதிரைத் திருப்பி அடிக்கும். கடற்கரையின் காய்ந்த மணல் சுமார் 15 சதவீதம். மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரை வந்துவிடும். அரை மீட்டர் ஆழத் தண்ணீருக்குள் இருந்தாலும் மேலே இருப்பதில் 40 சதவீதம் எட்டும். நிழலில் உட்கார்ந்தவருக்கும் சுற்றியுள்ள வானத்திலிருந்து சிதறிய கதிர் வந்துகொண்டேதான் இருக்கும்.

இதையெல்லாம் வைத்து உங்கள் நாளை எடைபோடுங்கள்.

வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ ஜன்னலிலிருந்து தள்ளி இருப்பவர், வெளியே தலைகாட்டுவதே இல்லை என்றால் சன்ஸ்கிரீன் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். ஜன்னலை ஒட்டி உட்காருபவர் கதை வேறு. சாதாரணக் கண்ணாடி யூவிபியைத் தடுக்கும்; யூவிஏயின் பெரும்பகுதியை விட்டுவிடும். காரின் முன்கண்ணாடி இரண்டையும் ஓரளவு நன்றாகவே தடுக்கிறது. பக்கக் கண்ணாடிகளை அப்படி நம்ப முடியாது. தினமும் நெடுநேரம் கார் ஓட்டுபவர், ஜன்னலோர மேசைக்காரர், வேலைக்கு நடந்தோ இருசக்கர வண்டியிலோ போய்வருபவர் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் 30, நல்ல யூவிஏ பாதுகாப்புடன்.

நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருப்பவர், கட்டட வேலை செய்பவர், விவசாயி, விளையாட்டு வீரர், சரக்கு கொண்டுபோய்க் கொடுப்பவர்: எஸ்பிஎஃப் 50, வாட்டர் ரெசிஸ்டன்ட். கடல், பனி, மலை என்றால் அதே 50 அல்லது 50+. அதோடு தொப்பி, முழுக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. அங்கே சன்ஸ்கிரீனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நெருக்கமாக நெய்த துணி கரைவதும் இல்லை, வழிவதும் இல்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசவும் தேவையில்லை.

மங்கு அல்லது பருத் தழும்பால் வந்த கருமை இருப்பவர்கள் வீட்டு வாழ்க்கை என்றாலும் 50ஐ எடுப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுகிறது. அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்கிரீன் உதவும். நிறமில்லாத சன்ஸ்கிரீன்கள் அந்த ஒளியை அநேகமாக அப்படியே விட்டுவிடுகின்றன.

‘என் தோல் கறுப்பு, எனக்கு எதற்கு?’ என்ற கேள்வி நியாயமானது. கறுத்த தோலில் நிறம் தரும் பொருளான மெலனின் அதிகம். வெயிலில் எளிதில் சிவக்காது. தோல் புற்றுநோய் வாய்ப்பும் வெளிர்ந்த தோலைவிட மிகக் குறைவு. ஆனால் வாய்ப்பே இல்லை என்று ஆகிவிடாது. திட்டுத் திட்டான கருமையும் மங்கும் கறுத்த தோலில்தான் அதிகம் வருகின்றன, வந்தால் எளிதில் போவதும் இல்லை. வெயில் பட்டு எரிந்ததே இல்லை என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

நான்காம் படி: தோலுக்கு ஏற்ற வடிவம்

இதில் விரைவாகப் போய்விடலாம். எண்ணெய்ப் பசைத் தோலுக்கு ஜெல் அல்லது மெல்லிய லோஷன். வறண்ட தோலுக்குக் கிரீம். எளிதில் எரிச்சல் அடையும் தோலுக்கும் குழந்தைகளுக்கும் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு உள்ள கனிம வகை. அது கறுத்த முகத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது உண்மை. தோல் நிறச் சாயம் கலந்ததை வாங்கினால் அந்தத் தொல்லை குறையும். மற்ற வகைகள் கண்ணாடிபோல் தோலில் மறைந்துவிடும்; சிலருக்குக் கண் எரியும். கனிம வகை கதிரைத் திருப்பி அனுப்புகிறது, மற்றது உறிஞ்சுகிறது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். கனிம வகையும் பெரும்பாலும் உறிஞ்சித்தான் தடுக்கிறது. அதை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

முதலில் சிறிய டியூப் ஒன்றை வாங்கி, முழங்கையின் உட்புறத்தில் இரண்டு மூன்று நாள் பூசிப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை முழு அளவில், தினமும், தயங்காமல் பூசுவேனா? பிசுபிசுக்கும் 50ஐ வாங்கிவிட்டு, பிடிக்காமல் ஒரு துளி எடுத்துத் தேய்ப்பதைவிட, பிடித்த 30ஐ நிறையப் பூசுவது எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: அளவு

எல்லாம் சரியாக வாங்கியவர்கள் கோட்டைவிடும் இடம் இது. ஆய்வகம் பூசிய 2 மில்லிகிராம் கணக்கு நினைவிருக்கட்டும். பெரும்பாலானவர்கள் வீட்டில் பூசுவது அதில் கால் பங்கிலிருந்து பாதி வரைதான் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பாதி அளவு பூசினால் எஸ்பிஎஃப் 50 என்பது 25 ஆகவோ அதற்கும் குறைவாகவோ இறங்கிவிடும். கால் பங்கு பூசினால் டியூபில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கே அர்த்தமில்லாமல் போகிறது.

முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவை இப்படி எடுங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி, இரண்டின் மீதும் அடியிலிருந்து நுனிவரை நீளமாகப் பிதுக்குங்கள். அந்த இரண்டு கோடும் வேண்டும். முதல்முறை பார்க்கும்போது மூன்று பேருக்குப் போதும்போலத் தெரியும். முழுவதையும் ஒரேயடியாகத் தேய்க்க முயன்றால் உருண்டு திரண்டு வரும். முதல் விரலில் இருப்பதை நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்து மெல்லப் பரப்புங்கள். ஓரிரு நிமிடம் கழித்து, தோல் கொஞ்சம் இறுகியதும் இரண்டாவது விரலில் இருப்பதை மறுபடி முகத்திலும், பிறகு கழுத்திலும் காதுகளிலும் பூசுங்கள். அழுத்தித் தேய்க்காமல் தட்டி ஒற்றினால் நன்றாகப் படியும்.

விட்டுப்போகும் இடங்கள் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான்: காது மடலின் மேல் விளிம்பு, பிடரி, மூக்கின் இரு ஓரம், முடி தொடங்கும் நெற்றி விளிம்பு, தலை வகிடு, புறங்கை, பாதத்தின் மேற்புறம். உதட்டுக்கு எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாம் தனியாக வேண்டும்.

வளர்ந்தவரின் உடல் முழுவதற்கும் ஒருமுறைக்கு 30 முதல் 35 மில்லி தேவை. 100 மில்லி பாட்டில் என்பது மூன்றே பூச்சு! கடற்கரையில் ஒரு நாள் கழிக்கப் போகும் குடும்பம் ஒரு சிறிய டியூபை எடுத்துப்போனால் எப்படிப் போதும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

நீங்கள் சரியான அளவு பூசுகிறீர்களா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. முகம், கழுத்துக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை, சுமார் 1.2 கிராம் வீதம் பூசினால், 50 கிராம் டியூப் ஏறக்குறைய ஆறு வாரத்தில் தீர வேண்டும். உங்கள் டியூப் நான்கு மாதம் வருகிறதென்றால் தேவையானதில் மூன்றில் ஒரு பங்குதான் பூசுகிறீர்கள்.

குறைந்த எண்ணை நம்பலாமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு சான்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்ற ஊரில், 1992 முதல் 1996 வரை 1,621 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் தலை, கழுத்து, கைகளில் தினமும் சன்ஸ்கிரீன் பூசினார்கள். மற்றவர்கள் தங்கள் வழக்கப்படி இருந்தார்கள். தினமும் பூசியவர்களிடம் ‘ஸ்குவாமஸ் செல்’ வகைத் தோல் புற்றுக் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தன. 2013இல் வெளியான தொடர் ஆய்வு, அவர்கள் தோல் மூப்படைவதும் 24 சதவீதம் குறைவு என்றது. அவர்கள் பூசியது எஸ்பிஎஃப் 16தான். தினமும் பூசியதன் பலன் அது.

ஆறாம் படி: எப்போது, எத்தனை முறை

வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே பூசிவிடுங்கள். மாய்ஸ்சரைசர் போடுபவர் அதை முதலில் போட்டு, அது இறங்கியபின் சன்ஸ்கிரீன். அதற்கு மேல் அலங்காரம். மாய்ஸ்சரைசரையும் சன்ஸ்கிரீனையும் உள்ளங்கையில் கலந்து பூசுவது வேண்டாம், கலந்தால் நீர்த்துப்போகும். அலங்காரக் கிரீமில் எஸ்பிஎஃப் 15, அடியில் எஸ்பிஎஃப் 30 என்றால் கூட்டி 45 ஆகாது. கொசுவிரட்டிக் களிம்பு பூசுவதானால் அது சன்ஸ்கிரீனுக்குப் பிறகு.

வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். நீந்தி எழுந்தாலோ, வியர்த்துத் துண்டால் துடைத்தாலோ உடனே. எஸ்பிஎஃப் 50 என்றால் இடைவெளியை நீட்டலாம் என்பது கிடையாது; எந்த எண்ணாக இருந்தாலும் இரண்டு மணி நேரம்தான்.

அலுவலகத்துக்குள் இருப்பவரும் இரண்டு மணிக்கொருமுறை முகம் கழுவிப் பூசவேண்டும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அந்த அளவுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. காலையில் முழு அளவு. மதியம் வெளியே போவதானால் அதற்குமுன் ஒருமுறை. மாலை வெயில் இருக்கும்போதே வீடு திரும்புகிறவர் அப்போது ஒருமுறை. அலங்காரத்தின் மேல் பூச ஸ்டிக் வடிவம் வசதி; ஒவ்வோர் இடத்திலும் நான்கைந்து முறை இழுக்க வேண்டும். ஸ்பிரே அடிப்பவர்கள் தோல் பளபளக்கும்வரை அடித்துக் கையால் பரப்புங்கள். முகத்தில் நேராக அடிக்காமல் உள்ளங்கையில் அடித்துப் பூசினால் மூச்சோடு உள்ளே போகாது.

மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் துணியும்தான் பாதுகாப்பு. டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக், இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, பருவுக்குப் பூசும் ரெட்டினாய்டு கிரீம் போன்றவை தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். இவற்றை எடுப்பவர்களும், லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய்) உள்ளவர்களும் எந்த எண், எந்த வகை என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறாத புண், வடிவமும் நிறமும் மாறும் மச்சம் இருந்தால் சன்ஸ்கிரீன் தேடுவதை நிறுத்திவிட்டு, முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

வாங்கியபின்

சன்ஸ்கிரீனை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூடு ஏறினால் கலவை பிரிந்து வீரியம் குறையும். வெளியே எடுத்துப்போகும்போது துணியில் சுற்றியோ நிழலில் வைத்தோ காப்பாற்றுங்கள். பிதுக்கும்போது தண்ணீரும் கட்டியும் தனித்தனியாக வந்தாலோ, வாடை மாறியிருந்தாலோ, காலாவதித் தேதி மீதமிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். டியூபின் பின்புறத்தில் மூடி திறந்த சிறிய டப்பாவின் படமும் அதற்குள் 6, 12 என்று ஓர் எண்ணும் இருந்தால், திறந்தபின் அத்தனை மாதம்தான் வைத்துப் பூசலாம். புதிய டியூபைத் திறக்கும் நாளிலேயே தேதியை அதன் மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.